தோளை விட்டு இறங்காத புடவைகள்

அரசியின் வீட்டுக்கு முதல் புடவை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்து போய், குப்பை வண்டியின் பாட்டு இன்னும் கேட்காத நேரத்தில். அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை போட்ட பட்டு. திண்டுக்கல்லிலேயே செய்த கனமான பூட்டு தொங்கிய இரும்புக் கேட்டுக்கு அடியில் படுத்து நுழைந்து, வாசலில் எழுந்து, ஒட்டியிருந்த தெருப் புழுதியைத் தானே உதறிக்கொண்டு வீட்டுக்குள் போனது. அதன் பின்னால் ஒரு கிளிப்பச்சை, கிளிப்பச்சையின் பின்னால் ஒரு மாம்பழ மஞ்சள், மஞ்சளின் பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று என்று வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற அரசியின் அம்மா காந்திமதி, தான் பாதி போட்ட கோலத்தை மிதிக்காமல் புடவைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரதுதான் வருதுக, செவ்வாக்கிழமையாப் பாத்தா வரணும்?" என்றாள் எதிர்வீட்டு ரமலத்திடம். "நாளைக்குப் புதன், நல்ல நாளு. ஒரு நாள் பொறுத்து வந்தா ஆகாதா?"

"கடைக்காரனுக்குத்தான் கிழமை தெரியும். துணிக்கு என்னக்கா தெரியும்?" என்றாள் ரமலத், தன் வாசலைப் பெருக்கிக்கொண்டே.

உள்ளே அரசி வாய் நிறையப் பற்பசையோடு நின்றிருந்தாள். அரக்குப் புடவை நேராக வந்து, அவளுடைய நைட்டியைப் பிடித்து ஏறி, இடது தோளில் மடிப்பு மடிப்பாகப் படுத்துக்கொண்டது. அவள் எடுத்து நாற்காலியில் போட்டாள். அது இறங்கிப் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொள்ள, காலியான தோளில் கிளிப்பச்சை ஏறியது. கிளிப்பச்சையை எடுத்தால் மஞ்சள், மஞ்சளை எடுத்தால் மயில்கழுத்து. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தபோது அவளுக்கு ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை ஜவுளி எடுக்கப் போன இடத்தில், இந்த ஒவ்வொன்றையும் அவளே தன் கையால் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர் வைத்து, வீட்டில் அரசி என்றும், வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் மேடம் என்றும் கூப்பிடப்பட்ட அவளுக்கு, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்த தியாகுவோடு வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. அதைப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்க்கும் உரிமை நாத்தனாருக்கு. தியாகுவுக்கு அம்மா அப்பா இல்லை; அவனை வளர்த்து ஆளாக்கியதெல்லாம் அக்கா லோகநாயகிதான் என்பதால், அந்த உரிமை அவளிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் ஏறி, தலைக்கு மேல் சித்திரை வெயில் காய, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு மாடிக்கு எழும்பியிருந்த வைபோகம் பட்டு மாளிகைக்குப் போய் இறங்கினார்கள். படியேறும்போதே லோகநாயகி எல்லோரையும் நிறுத்தினாள்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். வேண்டாம், கீண்டாம்னு யார் வாயிலயும் வரக்கூடாது. புடிக்கலைன்னா பேசாமத் தள்ளி வச்சிருங்க, அம்புட்டுதான்."

இது அந்தக் குடும்பத்தில் மட்டும் உள்ள சட்டம் அல்ல. அந்த ஊரில் ஜவுளி எடுக்கப் போகிற எல்லோரும் வேண்டாம் என்ற சொல்லைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அரசிக்கு இது கஷ்டமான சட்டமும் அல்ல. பிறந்ததிலிருந்தே அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. பிடிக்காத சுரைக்காய்க் கூட்டை இருபத்தெட்டு வயது வரைக்கும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டவள். டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, தன் காலுக்கடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நேரம் தவறாமல் மிதித்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறாள். தனக்கென்று வரும்போது மட்டும் அப்படி ஒரு பிரேக் யாரும் பொருத்தித் தரவில்லை.

மாளிகைக்குள் காதில் மைக் மாட்டிய நிவேதா என்ற பெண் வந்தாள். சட்டையில் 'மணமகள் ஆலோசகர்' என்ற அட்டை குத்தியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு ஒன்று, அதற்கு ஆரி வொர்க்கில் பூவேலை செய்த பிளவுஸ், புடவையை முதல் நாளே மடித்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கித் தருகிற சேவை, ஒத்திகை மேக்கப் ஒன்று, நிஜ மேக்கப் ஒன்று, புடவையின் நிறத்துக்குப் பொருத்தமாக மேடைப் பூ என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். இதெல்லாம் வேண்டுமா என்று யாரும் கேட்பதற்கு முன்பே, "வாழ்க்கைல ஒரு நாள்தானே மேடம்" என்றாள். அரசியின் சித்திமார்களும் அதையே சொன்னார்கள். பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து வேறொரு கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள்கூடத் திரும்பி அதையே சொன்னாள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு வரப்போகிற அத்தனை நாளையும் பற்றி யாருக்காவது கவலை உண்டா என்று அரசி யோசித்தாள், கேட்கவில்லை.

"சும்மா பிரிங்க, பாப்போம்" என்று லோகநாயகி சொல்லச் சொல்ல விற்பனையாளர் பிரித்துக்கொண்டே இருந்தார். லோகநாயகி எடுத்துத் தோளில் போட, கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்து அரசி மெல்லச் சிரித்து, அதை எடுத்து ஓரமாக வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, வேன் டிரைவர் தூங்கி எழுந்து, குழந்தைகள் அழ ஆரம்பித்து, கடைசியில் அடுத்த வாரம் வந்து முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். ஓரமாக வைத்த புடவைகள் அங்கேயே குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றிடமாவது யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது தன் அலமாரிக்குத் திரும்பிப் போயிருக்கும். யாரும் சொல்லாததால், சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் காத்திருந்துவிட்டு, தங்களைத்தான் எடுத்திருக்கிறார்கள், கொண்டுபோகத்தான் மறந்துவிட்டார்கள் என்று அவை கிளம்பி வந்துவிட்டன.

தெரு இரண்டு நாளில் பழகிக்கொண்டது. நாய்கள் முதல் நாள் குரைத்தன, இரண்டாம் நாள் வாலாட்டின, மூன்றாம் நாள் வரிசையில் பின்னால் நின்ற புடவைகளின்மேல் படுத்து வெயிலுக்கு இளைப்பாறின. தண்ணீர் லாரி வரும்போது குடங்களை நகர்த்துகிற மாதிரி பெண்கள் புடவைகளையும் ஓரமாக நகர்த்திவிட்டு, லாரி போனதும் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள், வரிசை கலைந்தால் அவை தங்களுக்குள் முறைத்துக்கொள்ளும் என்பதால். மழை வரும்போலிருந்த ஒரு சாயங்காலம் ஆளுக்கு நாலாக அள்ளிக்கொண்டுபோய்த் தங்கள் வீடுகளில் போட்டுக் காப்பாற்றினார்கள். அப்படிக் கொண்டுபோனவர்களில் சிலர் ஆசைக்குக் கட்டிப் பார்த்தார்கள். கட்டியவுடன் அந்தப் புடவை, கட்டியவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அரசி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. தபால்காரர் மனைவி அப்படி வாடாமல்லிப் பட்டில் இழுத்துவரப்பட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேனே என்று கத்திக்கொண்டே வந்தவள், அரசி வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

அரசி வேலைக்குப் போனால் புடவைகளும் போயின. கூரையில் எல் போர்டு வைத்த வெள்ளைக் காரில், கற்றுக்கொள்ள வந்த பெண் இரண்டாம் கியரில் ஊர்ந்து போக, பின்னால் நாற்பதுக்குக் குறையாத பட்டுப்புடவைகள் ஜரிகை பளபளக்க ஊர்ந்து வந்தன. மணிக்கூண்டுப் பக்கத்தில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் முதலில் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்து வழி விட்டார். உண்மை தெரிந்த பிறகும் தொடர்ந்து வழி விட்டார், பாதியில் விட்டால் வரிசை துண்டாகி இன்னும் குழப்பமாகும் என்று. காற்றடித்த நாட்களில் இரண்டு மூன்று போய் மின்கம்பியில் தொங்கின. அப்போதெல்லாம் லைனை நிறுத்திவிட்டு ஏணியோடு வந்தது மாப்பிள்ளை தியாகுதான். கம்பத்தில் ஏறி, புடவையைக் கிழியாமல் எடுத்து, கீழே நிற்கும் தன் வருங்கால மனைவியின் தோளைப் பார்த்து அவன் இறக்கிவிட, ஃபேன் நின்றுபோய் வாசலுக்கு வந்த தெருக்காரர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். கரண்ட் போனதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை. கல்யாண மாப்பிள்ளை.

வைபோகம் மாளிகை சும்மா இருக்குமா? முதலில் வேன் அனுப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். ஷட்டர் போட்ட கடையிலிருந்து அவை மறுநாள் காலையில் திரும்பி வந்தன. இரண்டாம் தடவை வேன் வரவில்லை. அதற்குப் பதிலாக நகரம் முழுக்க ஃப்ளெக்ஸ் போர்டு வந்தது. 'மணமகளைத் தேடி வரும் புடவைகள்' என்று போட்டு, நடுவில் அரசியின் படமே இல்லாமல் வேறொரு பெண்ணின் படம். அடுத்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நத்தத்திலிருந்தும் வரன் அமையாத பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அரசி வீட்டு வாசல் வரிசையில் நிற்கும் புடவையின் முந்தானை பட்டால் கல்யாணம் கூடிவரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு பூக்கடை, ஒரு கரும்புச்சாறு வண்டி. காந்திமதி வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தே களைத்துப்போனாள்.

ஆனால் அரசிக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நிற்கப் பிடிக்கவில்லை. தோளில் எப்போதும் ஒரு பட்டு. சோற்றைப் பிசையும்போது முந்தானை தட்டில் விழுகிறது. குளித்துவிட்டு வெளியே வந்தால் கொடியில் துண்டுக்கு முன்னால் ஒரு புடவை நிற்கிறது. சித்திரைப் புழுக்கத்தில் ஜரிகைக் கரை கழுத்தில் உரசி வேர்க்குரு போட்டிருந்தது. அதைவிட மோசம், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்தில் தோளில் இருப்பதைப் பார்த்து, "இதுவே நல்லாத்தான் இருக்கு, இதையே முடிச்சிரு" என்றார்கள். நிவேதா தினமும் மூன்று வேளை போனில் கூப்பிட்டு, வைகாசியில் மேக்கப்காரர்கள் கிடைக்க மாட்டார்கள், ஆரி வேலைக்கு நாள் பற்றாது, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் மேடம் என்றாள். லோகநாயகி மாலைதோறும் வந்து வரிசையைச் சுற்றிப் பார்த்தாள். தெய்வமே அனுப்பியிருக்கிறது என்பது அவளுடைய கட்சி. நாற்பதில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன கேடு என்பது அவளுடைய கேள்வி.

அந்த நாற்பதில் அரசிக்கு வேண்டியது இல்லை. அது பழநி ரோட்டில், ஒரு மெடிக்கலுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு சின்ன ஜவுளிக்கடையில் இருந்தது. அந்தக் கடையின் முன்னால்தான் அவள் மாணவிகளுக்கு வண்டியை ஓரங்கட்டப் பழக்குவாள். மாசியில் ஒருநாள், கற்றுக்கொள்கிறவள் நாலாம் தடவையாகக் கோணலாக நிறுத்திக்கொண்டிருந்தபோது, கடை அலமாரியின் மேல்தட்டில் அதைப் பார்த்தாள். பருத்தி. காய்ந்த புகையிலையின் நிறம். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கத்தரிப்பூக் கரை, அவ்வளவுதான். இறங்கிப் போய் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இதைக் கட்டிக்கொண்டால் சம்மணம் போட்டு உட்காரலாம், பந்தியில் சாப்பிடலாம், தாலி கட்டிய கையோடு காரை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறலாம் என்று தோன்றியது. இதைக் கட்டிக்கொண்டால் கண்ணாடியில் தெரிவது நான்தான் என்றும் தோன்றியது. கடைக்காரர் நிமிர்ந்து, "என்னம்மா பாக்குறீங்க?" என்றதும், "சும்மாத்தாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கல்யாணப் பெண் புகையிலை நிறத்தில் புடவை கட்டுவதா என்று நாலு பேர் கேட்பார்கள்.

புடவைகள் வர ஆரம்பித்த பிறகு அவளுக்குள் ஒரு நப்பாசை முளைத்தது. இத்தனை வந்திருக்கிறதே, அதுவும் வந்தால் என்ன? அதுவாக வந்து தோளில் ஏறிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே. தினமும் காலையில் எழுந்தவுடன் வாசலுக்கு ஓடி வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். புகையிலை நிறம் வரவில்லை.

ஒருநாள் கம்பத்திலிருந்து இறங்கிய தியாகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "உனக்கு எதுதான் புடிச்சிருக்கு அரசி? எங்கிட்டச் சொல்லேன்."

"நான் எங்க சொல்றது. உங்க அக்காவுக்குப் புடிக்கணும்ல."

"அக்காகிட்ட நீயே சொல்லிடேன்."

"நீங்க சொல்லக் கூடாதா?"

தியாகு ஏணியை மடக்கினான். பதினோராயிரம் வோல்ட் கம்பியில் கை வைக்கிறவன்தான், அக்கா முன்னால் நின்று பேச மட்டும் அவனுக்கு வராது. "பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ரமலத்துக்கு வகுப்பு. எதிர்வீட்டுக்காரிதான், ஆனால் மாணவியும்கூட. நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டே தீருவேன் என்று புருஷனிடம் சண்டை போட்டுச் சேர்ந்தவள். பழநி ரோட்டில் மூன்றாம் கியரில் கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருந்தார்கள். அரசி ஒரு கணம் அந்தச் சின்னக் கடையின் பக்கம் தலையைத் திருப்பினாள். அதைப் பொறுக்காத மாதிரி, வரிசையின் முன்னால் வந்த மாம்பழ மஞ்சள் காரின் கூரையில் தாவி, முன்கண்ணாடி முழுக்கக் கவிழ்ந்து மூடிக்கொண்டது. எதிரே லாரியின் ஹாரன் கேட்டது. ரமலத் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அரசியின் கால் பிரேக்கை மிதித்தது; அதே மூச்சில் வாயும் திறந்தது.

"வேண்டாம்."

கார் நின்றது. மாம்பழ மஞ்சளும் நின்றது. கண்ணாடியிலிருந்து மெல்ல உரிந்து, பானெட்டின்மேல் தன்னை நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்குவாக்கில் ஒரு மடிப்பு என்று அழகாக மடித்துக்கொண்டு, இறங்கி, வந்த வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தது. அதன் நடையில் கோபம் இல்லை. அவ்வளவுதானா, முன்னாடியே சொல்லியிருந்தால் போயிருப்பேனே என்பது போல இருந்தது.

ரமலத் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இது இந்த ஒரு வார்த்தைக்கா இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்துச்சு? ஏம்மா அரசி, இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா எங்க வீட்ல ஃபேனாவது ஓடியிருக்கும்ல."

அரசியின் வாயில் ஏதோ புதிய ருசி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் லோகநாயகி தாம்பாளமும் பூவுமாக வந்துவிட்டாள். கூடவே காதில் மைக்கோடு நிவேதா. பின்னால் ஏணி இல்லாத தியாகு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. அரசி படியில் நின்று, மொத்த வரிசையையும் பார்த்து ஒரே தடவையாக, "எதுவும் வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொன்றையும் தோளில் போட்டுப் பார்த்தார்கள் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் சொல்லியாக வேண்டும் என்று புரிந்தது. அவள் இறங்கிப் போய் வரிசையின் முதலில் நின்ற அரக்குப் புடவையின் முன்னால் நின்றாள்.

"நீ நல்லாருக்க. ஆனா எனக்கு வேண்டாம்."

அது மடிந்துகொண்டு கிளம்பியது. அடுத்து கிளிப்பச்சை. அடுத்து வாடாமல்லி. தபால்காரர் மனைவி அது போவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் பத்துக்கு அரசியின் குரல் பிசிறியது, அடுத்த பத்துக்கு இறுகியது, அதற்கப்புறம் ஓட்டப் பழகிய வண்டி மாதிரி தானாகப் போனது. நிவேதா நடுவில் புகுந்து, "மேடம், வாழ்க்கைல ஒரு நாள்தானே" என்று ஆரம்பித்தாள்.

"அந்த ஆரி வொர்க் வேண்டாம்மா. மேக்கப் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம், மேடைப் பூவ நாங்க பாத்துக்கறோம். வெயில்ல நிக்காத, உள்ள போயி மோர் குடி" என்றாள் அரசி. நிவேதா காதிலிருந்த மைக்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். காந்திமதி மோர் கலக்கக் கூடவே போனாள், மகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

கடைசியில் மிஞ்சியது மயில்கழுத்து. உள்ளங்கை அகலக் கரை, முந்தானை முழுக்க அன்னப்பட்சி. அது தானாக நிற்கவில்லை; லோகநாயகி அதைத் தன் இரண்டு கையிலும் ஏந்தி வைத்திருந்தாள்.

"இதையுமா?" என்றாள் லோகநாயகி. "சொல்லிருவியா?"

அரசி ஒரு எட்டு நெருங்கினாள். "மதினி..."

"எனக்குக் கல்யாணம் ஆனப்ப யாரும் எங்கிட்டக் கேக்கல, தெரியுமா? எங்க மாமியா ஒரு பொட்டியக் கொண்டாந்து வச்சாங்க, கட்டுன்னாங்க, கட்டினேன். என்ன கலருன்னுகூட மேடைக்கு வந்துதான் பாத்தேன். மயில்கழுத்துக் கலருதான் எனக்கு ஆச. சரி, போகுது, தம்பிக்குன்னு ஒருத்தி வருவா, அவ தோள்ல நானா ஒண்ணு எடுத்துப் போடுவேன்னு இத்தன வருஷமா இருந்தேன். நீ அம்புட்டையும் தொரத்திட்ட. அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

தியாகு வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து, "அக்கா, இத நீ கட்டிக்கயேன்" என்றான். அவன் வாழ்க்கையில் அக்காவிடம் சொன்ன முதல் யோசனை அது. லோகநாயகி அவனை முறைத்தாள். ஆனால் கையிலிருந்த புடவை அவள் பக்கம் லேசாகத் திரும்பியதை ரமலத் பார்த்தாள், பார்த்ததைப் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம் மதினி" என்றாள் அரசி. நாற்பதிலும் அதுதான் கஷ்டமான வேண்டாம். கண்ணீர் வழிய வழியச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தோள் முழுசாகக் காலியாக இருந்தது. அந்தக் காலியைத் தாங்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மயில்கழுத்து வைபோகம் மாளிகைக்குத் திரும்பவில்லை, லோகநாயகியின் கையிலேயே இருந்தது. அதற்கு உண்டான பணத்தைக் கட்டி ரசீது வாங்க வேண்டியது பிறகு தியாகுவின் பாடாயிற்று.

அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்ததையும் ஊர் ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது தடவை 'வேண்டாம்' என்பதை அடுத்தடுத்துக் கேட்ட பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, உள்ளே பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். மாமியார் எடுத்தது, மச்சினர் மனைவி தள்ளிவிட்டது, வாழ்க்கையில் ஒரு நாள் மட்டும் கட்டிப் பிறகு நாப்தலின் உருண்டையோடு தூங்கியது என்று ஒவ்வொன்றாக மடிந்து எழுந்து தெருவில் இறங்கின. சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிற ரோட்டில் பழைய பட்டாக ஊர்ந்தது. போலீஸ்காரர் இந்தத் தடவை எதுவும் கேட்காமல் கையைக் காட்டி வழி விட்டார். வாங்கிய கடையே மூடிப்போன சில புடவைகள் மட்டும் ரோட்டோரம் நின்று யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பின. அவற்றைத் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டார்கள்.

பழநி ரோட்டுக் கடையில் கடைக்காரர் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அரசி காரைக் கோணல் இல்லாமல் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். புகையிலை நிறம் அதே மேல்தட்டில் இருந்தது. அவளைப் பார்த்து அது அசையவில்லை.

"என்னம்மா பாக்குறீங்க?"

"புடவைங்க. கல்யாணத்துக்கு."

கடைக்காரர் உற்சாகமாகி நல்ல சிவப்பாக நாலு எடுத்துப் போட்டார். அவள் நாலையும் வேண்டாம் என்றாள், அது இப்போது சுலபமாக வந்தது. பச்சை எடுத்தார், வேண்டாம். ரோஸ் எடுத்தார், வேண்டாம். "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார் அவர். அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு வாய் அடைத்துப்போயிற்று. வேண்டாம் என்பதையாவது பயத்தில் ஒரு தடவை கத்திப் பழகியிருந்தாள். இந்த இன்னொரு சொல்லை அவள் எங்கேயும் பழகவில்லை. அது 'வேண்டாம்' என்பதைவிடக் கனமாக இருந்தது. சொன்னால் அப்புறம் அது அவளுடையது. நன்றாக இல்லை என்றால் அவள் தலையில்தான் விடியும், தெய்வம் அனுப்பியது என்றோ நாத்தனார் எடுத்தது என்றோ யார் மேலும் போட முடியாது.

வெளியே நின்ற எல் போர்டு காரைக் கண்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. லோகநாயகி இறங்கி, செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றாள். அழுத முகம். அதே மயில்கழுத்து அவள் கக்கத்தில் இருந்தது. கடைக்காரர் வானொலியைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அரசி கையை நீட்டி மேல்தட்டைக் காட்டினாள்.

"அந்தப் பொகையிலக் கலரு. எனக்கு அதுதான் வேணும்."

கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். தூசியைத் தட்டினார். மேசைமேல் வைத்துப் பிரித்தார். அது எழுந்து நிற்கவில்லை, அவள் பக்கம் ஊரவில்லை. துணி எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது. அரசி அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படியில் நின்ற லோகநாயகியிடம் நீட்டினாள்.

"மதினி, நீங்கதான் போடணும்."

லோகநாயகி அதைப் பார்த்தாள். கரையை விரலால் நிமிண்டினாள். "கலரு நல்லாருக்குன்னு நான் சொல்லமாட்டேன்."

"சொல்ல வேண்டாம். போடுங்க."

லோகநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி வந்தாள். மயில்கழுத்தைக் கடை மேசைமேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புகையிலை நிறப் புடவையை வாங்கி, ஒரு உதறு உதறி, அரசியின் இடது தோளில் போட்டுக் கையை எடுத்தாள்.

புடவை நழுவியது. இத்தனை நாளில் அந்தத் தோளிலிருந்து தானாக நழுவிய முதல் புடவை அதுதான். தரையில் விழுவதற்குள் அரசி அதைப் பிடித்துக்கொண்டாள்.